பாலத்து ஜாமில் ஒரு ஹாபிட்

பேக்டரியில் புதிதாகச் சேரும் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள்: "அக்கா, இங்கிலீஷ் வரணும்னா எந்தப் புத்தகம் படிக்கலாம்?" மாயாஜாலக் கதை படிங்க என்று சொன்னால் சிரிக்கிறார்கள். "டிராகனும் பூதமும் தெரிஞ்சு என்னக்கா பண்றது? கஸ்டமர் வந்தா டிராகனைப் பத்தியா பேசப் போறோம்?" நியாயமான கேள்விதான். டீ பிரேக் நேரத்துக்குள் இதற்குப் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சுருக்கமாக. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, அப்புறம் இடைநிலைப்பள்ளிக்கு முன் மலாய் பழக்கும் ஒரு வருட ரிமூவ் கிளாஸ், அதற்குப் பிறகு பாடமெல்லாம் மலாயில். ஆங்கிலம் கால அட்டவணையில் இருந்த ஒரு பாடம், அவ்வளவுதான். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்ததும் பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். அங்கிருந்து தரம் பார்க்கும் கியூ.சி. இப்போது கஸ்டமர் புகார் வந்தால் பதில் ரிப்போர்ட் தயார் செய்யும் வேலை. அதை நாங்கள் எயிட் டி என்போம். ஃபோர்டு கார் கம்பெனி ஆரம்பித்து வைத்த முறை, எட்டுப் படிகள். என்ன பழுது, உடனே என்ன செய்தோம், மூல காரணம் என்ன, மறுபடி நடக்காமல் இருக்க என்ன ஏற்பாடு என்று வரிசையாக ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெரிய பெரிய ஆங்கிலச் சொல்லெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். கன்டெயின்மென்ட், கரெக்டிவ் ஆக்‌ஷன், ரூட் காஸ், டிலாமினேஷன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் லைனில் இருக்கும் வங்காளதேசத்துப் பையனும் சொல்வான். இல்லாதது சின்னச் சொற்கள். "மூன்று தடவை பார்த்திருந்தும், லேபிள் ஈரமாக இருந்ததால் ஸ்கேனர் படிக்காமல் விட்டிருக்கலாம்" என்று தமிழில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் அதைச் சொல்லப் போனால் என் கையில் இருந்தவை பட், சோ, பிகாஸ் மட்டும்தான். ஒரு வாக்கியம் நாலு துண்டாக உடையும், துண்டுகளுக்கு நடுவில் சோ, சோ, சோ. எஞ்சினியர் அதை வாங்கி அவர் பாணியில் திருத்தி அனுப்புவார். அந்தத் திருத்தத்தைப் படித்துப் பார்த்தால் புதிதாகப் பெரிய சொல் ஒன்றும் இருக்காது. ஆல்தோ, அன்லெஸ், ஹார்ட்லி, ரேதர் என்று சில்லறைகள்தான் வந்திருக்கும்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். பினாங்கு ரோட்டில் சவ்ராஸ்தா மார்க்கெட்டுக்கு ஜாதிக்காய் ஊறுகாய் வாங்கப் போனவள், மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளைச் சும்மா சுற்றினேன். அந்த மாடியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: தரையிலிருந்து தலைக்கு மேல் வரை அடுக்கு, நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் போக இடம். ஆங்கிலக் கதைப் புத்தகம் ஏதாவது சுலபமாக இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன். கடைக்கார அண்ணன் அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை உருவி எடுத்தார். தி ஹாபிட். "சின்னப் பிள்ளைங்க கதைம்மா. ஆனா பெரியவங்கதான் வந்து வாங்குவாங்க." எட்டு வெள்ளி சொன்னார், ஏழுக்குக் கொடுத்தார்.

உள்ளே திறந்து பார்த்தால் எனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் பென்சிலால் சீன எழுத்தில் அர்த்தம் எழுதி வைத்திருந்தார். முதல் பக்கத்தில் வரிக்கு வரி. எழுத்து குண்டுமணி மாதிரி சின்னதாக, ஒவ்வொரு சொல்லின் தலைமேலும் நேராக. எனக்குச் சீனம் படிக்கத் தெரியாது, அதனால் அர்த்தத்தால் பயனில்லை. ஆனால் எந்தச் சொல்லில் அவர் நின்றார் என்பது தெரிந்தது. பெரும்பாலும் நான் நின்ற அதே சொற்கள். இது எனக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இரண்டாம் அத்தியாயத்தின் பாதியில் பென்சில் நின்றுவிடுகிறது. அங்கே அவர் புத்தகத்தை மூடிவிட்டாரா, இல்லை அதற்கு மேல் அர்த்தம் தேவைப்படவில்லையா என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டோல்கியன் எழுதியது, 1937-ல் வெளிவந்தது. அவர் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலத்துக்குப் பேராசிரியர். அதற்கு முன்னால், 1919-20 வாக்கில், ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் வேலை பார்த்தவர். டபிள்யூ எழுத்தில் தொடங்கும் சொற்களை அவரிடம் கொடுத்திருந்தார்கள். கையெழுத்துப் பிரதி பதிப்பாளரிடம் போனபோது, அவர் அதைத் தன் பத்து வயது மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம். கூலி ஒரு ஷில்லிங். ஐந்திலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று அந்தப் பையன் எழுதிக் கொடுத்தான். அவன் தனக்கே அது கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனம் என்று நினைத்திருக்கிறான் பாருங்கள். நான் நாற்பதைத் தாண்டி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதைத் தொடங்கினேன்.

படித்ததெல்லாம் பேக்டரி பஸ்ஸில்தான். வீடு பிறையில், பேக்டரி தீவில். காலை ஷிப்ட் என்றால் பினாங்குப் பாலம் தாண்டிப் போக வேண்டும். பாலம் 13.5 கிலோமீட்டர். ஜாம் இல்லாவிட்டால் நாலைந்து பக்கம், லாரி ஏதாவது பழுதாகி நின்றால் ஒரு அத்தியாயமே ஓடும். பக்கத்து சீட் கமலாக்கா முதல் வாரம் முழுக்க, "தலை சுத்தலையாடி உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சுற்றத்தான் செய்தது, பிறகு பழகிவிட்டது.

இப்போது அந்தப் பெண்களின் கேள்விக்கு வருகிறேன். ஏன் மாயாஜாலக் கதை?

இதற்கு முன்னால் எல்லோரும் சொல்லும் அறிவுரைப்படி ஆங்கிலப் பேப்பர் படித்துப் பார்த்திருக்கிறேன். லண்டனில் நடக்கும் குடும்பக் கதை ஒன்றும் படித்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே தொல்லை. எழுதுகிறவர் உனக்கு இதெல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார். அந்தக் குடும்பக் கதையில் ஒரு பெண் ஒரு கடைக்குள் போகிறாள். கடையின் பெயர் மட்டும் இருக்கிறது. அது பணக்காரக் கடையா, மலிவுக் கடையா, அங்கே என்ன விற்கும், எதுவும் இல்லை. ஆங்கிலேயருக்கு அந்தப் பெயரே போதும். எனக்கு அது பூட்டிய கதவு.

ஹாபிட் என்றால் என்ன என்று ஆங்கிலேயருக்கும் தெரியாது. டோல்கியன் கதைக்காக உண்டாக்கிய இனம் அது. அதனால் அவர் உட்கார்ந்து விளக்கியே ஆக வேண்டும். விளக்குகிறார்: நம் உயரத்தில் பாதி இருப்பார்கள், குள்ளர்களைவிடச் சின்ன ஆட்கள், தாடி கிடையாது, பச்சையும் மஞ்சளுமாகப் பளிச்சென்ற உடை போடுவார்கள், உள்ளங்கால் தோல் மாதிரி தடித்துப் போயிருப்பதால் செருப்பு போடமாட்டார்கள், காலில் பழுப்பு நிறத்தில் சுருட்டை மயிர். ஒரு பத்திதான். அதற்குள் தாடி, உள்ளங்கால், சுருட்டை, வயிறு, விரல் என்று உடம்பைச் சுற்றியே எத்தனை சொற்கள், அத்தனையும் ஒரு ஆளின் உருவத்தில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. லண்டன்காரருக்கும் பிறைக்காரிக்கும் அந்த இடத்தில் ஒரே வரிசை. இருவருமே புதிதாக வந்தவர்கள், இருவருக்கும் ஆசிரியர் கையைப் பிடித்துச் சுற்றிக் காட்டுகிறார். மாயாஜாலக் கதையில் எனக்குப் பிடித்தது இதுதான்.

நடுவில் ஒரு காடு வருகிறது. குள்ளர்களோடு டிராகனின் புதையலைத் தேடிப் போகும் பில்போ என்ற ஹாபிட் அங்கே ராட்சதச் சிலந்திகளைத் திசைதிருப்ப அவற்றைப் பார்த்துப் பாட்டுப் பாடித் திட்டுகிறான். அட்டர்கோப் என்று ஒரு வசவு. லிப்கோ அகராதியில் தேடினேன், இல்லை. எஞ்சினியரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. பழைய ஆங்கிலத்தில் சிலந்திக்கு இருந்த பெயராம் அது. ஆனால் அதைத் தேடியிருக்கவே வேண்டாம். எந்தச் சிலந்திக்கும் தன்னை அப்படிக் கூப்பிட்டால் பிடிக்காது என்று அடுத்த வரியிலேயே ஆசிரியர் நமட்டுச் சிரிப்போடு சொல்லிவிடுகிறார். சிலந்திகளும் கொதித்துப் போய்த் துரத்துகின்றன. வேறென்ன வேண்டும்? சண்டையில் ஒருவர் திட்டியதன் அர்த்தத்தைக் கேட்டவர் முகத்தைப் பார்த்துத்தானே புரிந்துகொள்கிறோம். அதற்குப் பிறகு நான் அகராதியை பஸ்ஸுக்கு எடுத்துப் போவதை விட்டுவிட்டேன்.

இரண்டாவது காரணம், நமக்கு இந்தக் கதைகள் ஏற்கெனவே தெரியும். புதையலைக் காக்கும் பூதம், தூங்கும்போது திருடப் போகும் திருடன், போகாதே என்று சொன்ன காட்டு வழியில் போவது, சொன்ன சொல்லை மீறுவது. என் பாட்டி தோட்டத்து லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்ன விக்கிரமாதித்தன் கதையில் இல்லாததா? பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று வேதாளம் மிரட்டும். இங்கே குகை இருட்டில் கொல்லம் என்று ஒரு பிராணி விடுகதை போடுகிறது. பில்போ தோற்றால் அதற்கு அன்றைக்குச் சாப்பாடு. கதையின் எலும்பு பழகியது என்பதால் சதை மட்டும்தான் புதிது.

அந்த விடுகதை அத்தியாயத்தைத்தான் நான் யாருக்கும் முதலில் காட்டுவேன். விடை எல்லாம் சின்னச் சொற்கள்: மலை, பல், காற்று, இருட்டு, முட்டை, மீன், காலம். கேள்விதான் பாட்டாக, கடினமாக இருக்கும். முதல் தடவை படிக்கும்போது பாதி புரியாது. கொஞ்சம் கீழே விடை வந்துவிடும். மலையா, சரி என்று திரும்ப மேலே போய்ப் படித்தால், புரியாத சொல்லெல்லாம் தானாக இடத்தில் உட்காரும். வேர் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, மரத்தைவிட உயரம், ஆனால் வளராது. விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வியைப் படிப்பது எவ்வளவு நல்ல பயிற்சி என்று எந்த டியூஷனிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்கு முந்தியே மூன்று மலைப்பூதங்கள் வரும். பிடிபட்ட குள்ளர்களை வறுப்பதா, கொத்திக் கொதிக்க வைப்பதா, மேலே உட்கார்ந்து நசுக்கிவிடுவதா என்று விடியும்வரை சண்டை போட்டு, வெயில் பட்டுக் கல்லாகிப் போகும். சமையல் வினைச்சொற்கள் எனக்கு வந்தது அங்கேதான். ரோஸ்ட் தெரியும், மின்ஸ் தெரியாது. ஒரு சிக்கல் மட்டும்: அந்தப் பூதங்கள் லண்டன் தெருப் பேச்சுப் பேசுகின்றன, எழுத்தை விழுங்கி, இலக்கணம் இல்லாமல். அதைப் பார்த்துப் படித்தால் வம்பு. அங்கே சீனப் பென்சிலும் நின்றிருந்ததில் ஆச்சரியமில்லை.

அண்ணன் மகள் ஆசிரியர் கல்விக் கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கப் படிக்கிறாள். தீபாவளிக்கு வந்தபோது இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அவள் உடனே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். "அத்தை, அந்தப் புத்தகம் உங்களுக்குக் கஷ்டம். ஒரு பக்கத்துல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வார்த்தை தெரிஞ்சிருந்தாதான் துணையில்லாம புரியும்னு ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க." நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷனும் இன்னொருவரும் 2000-ல் வெளியிட்டது அது. ஆங்கில நாவலை அந்த அளவுக்குப் புரிந்து படிக்க எட்டாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் சொற்குடும்பம் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்து ஒன்று) வேண்டும் என்று அவரே 2006-ல் கணக்குப் போட்டிருக்கிறாராம். என்னிடம் அதில் கால்வாசி இருந்திருந்தால் பெரிய விஷயம்.

ஆனால் அதே நேஷன் 1978-ல் வேறு இருவரோடு செய்த சோதனையையும் அவளே சொன்னாள். ஆந்தனி பர்ஜெஸ் எழுதிய ஒரு நாவல், எ கிளாக்வொர்க் ஆரஞ்ச். அதில் ரஷ்ய மொழியிலிருந்து எடுத்துத் திரித்த தெருச்சொற்கள் இருநூறுக்கு மேல் கலந்திருக்கும். அர்த்தப் பட்டியல் இல்லாமல் அதைப் படிக்கச் சொல்லிவிட்டு, முன்கூட்டியே சொல்லாமல் அந்தச் சொற்களில் பரீட்சை வைத்தார்கள். சராசரியாக முக்கால்வாசிக்குச் சரியான அர்த்தம் சொன்னார்களாம். நான் மேசையைத் தட்டினேன். "அதத்தானே நானும் சொல்றேன்!"

"இருங்க அத்தை. அவங்க எல்லாம் இங்கிலீஷ் தாய்மொழிக்காரங்க. 1989-ல இரண்டாம் மொழிக்காரங்களை வச்சு, முதல் ரெண்டு அத்தியாயம் மட்டும் கொடுத்துப் பார்த்தாங்க. கொஞ்சம்தான் ஏறுச்சு."

கொஞ்சம் ஏறியதா? ஏறியது. ரெண்டு அத்தியாயத்துக்குக் கொஞ்சம் என்றால் பத்தொன்பது அத்தியாயத்துக்கு? ஹாபிட்டில் பத்தொன்பது. இதற்கு அவள் சிரித்துக்கொண்டே முறுக்கை எடுத்துக் கடித்தாள், நான் ஜெயித்துவிட்டேன் என்று வைத்துக்கொண்டேன். உண்மையில் அவள் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. ஒரு தடவை பார்த்த சொல் தங்காது. பர்க்ளர், அதாவது வீடு புகுந்து திருடுகிறவன், என்ற சொல்லை நான் மறக்கவே முடியாதபடி கற்றதற்குக் காரணம், பில்போவைக் குள்ளர்கள் கதை முழுக்க அந்தப் பெயரிலேயே கூப்பிடுவதுதான். பேப்பரில் நேற்று வட்டி விகிதம், இன்று வெள்ளம், நாளை ஃபுட்பால். ஒரு நீளக் கதையில்தான் அதே போனிக் குதிரை, அதே சாவி, அதே மலை திரும்பத் திரும்ப வரும்.

நான் செய்த ஏற்பாடு இவ்வளவுதான். தெரியாத சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு பென்சில் புள்ளி, மேலே படி. அதே சொல் மறுபடி வந்தால் மறுபடி ஒரு புள்ளி. மூன்றாவது புள்ளி வைக்க வேண்டி வந்தால்தான் வீட்டுக்குப் போய் லிப்கோவைத் திறப்பது. ஒரு புள்ளியோடு நின்றுபோன சொற்களை அப்படியே விட்டுவிட்டேன். ஆங்கிலேயக் கிராமத்துப் பூக்களின் பெயர், குதிரைச் சேணத்தின் உறுப்புகள், பழைய காலத்து கேக் வகைகள். இவை தெரியாமல் நான் எயிட் டி எழுதலாம். மூன்று புள்ளி வாங்கிய பட்டியல் எப்படி இருந்தது தெரியுமா? செல்டம், ஹார்ட்லி, அட் ஒன்ஸ், இன்ஸ்டெட், அன்டில், ஆல்தோ, எனக்குப் பேக்டரியில் இல்லாமல் போனவை அத்தனையும். டிராகனைத் தேடிப் போகிற வழியில் இவை காலடியில் கிடந்தன. டிராகன் வருவதே பன்னிரண்டாம் அத்தியாயத்தில்தான். அதற்குள் ஆல்தோ எத்தனை தடவை வந்துபோயிருக்கும்!

குறை இல்லாமல் இல்லை. உச்சரிப்பு புத்தகத்தில் வராது. கண்ணால் மட்டும் பார்த்த சொல்லை வாயால் சொல்லப் பயமாக இருந்தது. அதற்கு ஆடியோ கேட்க வேண்டும், நான் பிறகுதான் ஆரம்பித்தேன். இன்னொன்று, இது 1937-ன் ஆங்கிலம். என் ரிப்போர்ட் ஒன்றைப் பார்த்த எஞ்சினியர், "என்ன, யாரோ தாத்தா எழுதின மாதிரி இருக்கே" என்றார். ஆனால் அன்றைக்கு அவர் திருத்தியது ஷல் என்ற சொல்லை மட்டும்தான். வாக்கியங்களை உடைக்கவும் இல்லை, ஒட்டவும் இல்லை.

கமலாக்கா இப்போது நான் படித்து முடித்த பிரதியைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். சீனப் பென்சில், என் புள்ளிகள், அதற்கு மேல் அவர் என்ன கிறுக்கப் போகிறாரோ. நான் டோல்கியனின் அடுத்த கதையை எடுத்திருக்கிறேன், 1954-55-ல் மூன்று பாகமாக வந்த பெரிய கதை, தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ். இது வேறு மாதிரி. நடக்கிறார்கள், நடக்கிறார்கள், ஒவ்வொரு மேட்டுக்கும் சரிவுக்கும் சதுப்புக்கும் ஒரு பெயர் இருக்கிறது. பினாங்கு ஹில்லைத் தவிர மலை ஏறாதவளுக்குப் பக்கமெல்லாம் புள்ளியாகிவிட்டது. முதல் பாகமும் மூன்றாம் பாகமும் சவ்ராஸ்தா மாடியில் கிடைத்தன. இரண்டாம் பாகம் வந்தால் எடுத்து வைப்பதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். பிறை, பட்டர்வொர்த் பக்கம் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன். பென்சில் கிறுக்கல் இருந்தால் இன்னும் நல்லது.